கால் மடக்கேக்க போயிடுற வேகம்

2017 ஆம் ஆண்டு புடாபெஸ்டில நடந்த உலக நீச்சல் சாம்பியன்ஷிப்ப எடுங்கோவன். சுவீடன்காரி சாரா ஷோஸ்ட்ரோம் 100 மீற்றர் ஃப்ரீஸ்டைல 51.71 செக்கனில அடிச்சு உலக சாதனை வைச்சவ, ரெண்டு நாள் கழிச்சு அதே போட்டியில அமெரிக்காவின்ர லில்லி கிங் 100 மீற்றர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்க, அதாவது தவளை நீச்சல, 1:04.13 இல முடிச்சு அவவும் உலக சாதனை. ரெண்டு பேரும் திறம் எண்டா அப்பிடித் திறம், தூரமும் ஒண்டு, ஆனா 12 செக்கனுக்கு மேல வித்தியாசம்.

லில்லி கிங்கின்ர கையில பெலன் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. விஷயம் வேற. ஃப்ரீஸ்டைலில ஒரு கை தண்ணியத் தள்ளேக்க மற்றது காத்துக்குள்ளால முன்னுக்கு வந்திடும், தள்ளுறது கிட்டத்தட்ட விடாமல் நடக்கும். தவளை நீச்சலில அப்பிடியில்ல, ரெண்டு கையும் ஒண்டா, ரெண்டு காலும் ஒண்டா அசையோணும், முழங்கை தண்ணிக்கு மேல வரக்கூடாது (திரும்பேக்கயும் முடிக்கேக்கயும் வாற கடைசி இழுவைக்கு மட்டும் விலக்கு), காலும் தண்ணிக்குள்ளாலதான் முன்னுக்கு வரும்.

கிங்கின்ர ரேஸ் வீடியோவ தண்ணிக்குக் கீழ இருக்கிற கமராவில ஸ்லோ மோஷனில போட்டுப் பாருங்கோ, மேலால பாத்தா ஒண்டும் விளங்காது. கைய அகட்டி உள்ளுக்கு இழுத்து தலையத் தூக்கி மூச்செடுக்கிறா, அந்த நேரம் குதிக்கால் ரெண்டும் பின்பக்கத்துக்கு கிட்ட வருது, தொடை கீழ இறங்கி எதிர வாற தண்ணிய மறிக்குது, வேகம் சடாரெண்டு விழுது. அடுத்த கணம் பாதம் வெளிப்பக்கமா திரும்பி, காலின்ர உள்பக்கத்தால தண்ணியப் பின்னுக்கு உதைக்க வேகம் திரும்ப ஏறுது. பிரேக் பிடிச்சுப் பிடிச்சு சைக்கிள் ஓடுறதுதான் இது, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும்.

பிரேக்குக்கு குடுக்கிற விலை எவ்வளவு எண்டு ஒரு கணக்கு போடுவம். தண்ணி ஆளப் பின்னுக்கு மறிக்கிற விசை வேகத்தின்ர வர்க்கத்தோட கூடும், அதுக்கு எதிரா செலவழிக்கிற வலு வேகத்தின்ர கனத்தோட (மூண்டு தரம் பெருக்கினதோட) கூடும். ஒருத்தி செக்கனுக்கு 1.5 மீற்றரில ஒரே சீரா போனா 1.5 இன்ர கனம் 3.375. மற்றவ பாதி நேரம் 1 மீற்றரிலயும் பாதி நேரம் 2 மீற்றரிலயும் போறா எண்டு வையுங்கோ, சராசரி அதே 1.5 தான், ஆனா கனங்களின்ர சராசரி 4.5. அதாவது ஒரே நேரத்தில ஒரே இடத்துக்கு வந்து சேர மூண்டில ஒரு பங்கு கூட வலு. உண்மையான நீச்சலில ஏத்த இறக்கம் இவ்வளவு நேர்த்தியா இருக்காது, ஆனா வாற சேதம் இந்த வகைதான்.

அதால நல்ல ஆக்கள் முழங்கால வயித்துக்குக் கீழ கொண்டு வாறேல்ல. தொடைய கனக்க இறக்காமல் குதிக்கால மட்டும் இடுப்புக்குப் பின்னால ஒளிச்சு, கெதியா மடக்குவினம். பிறகு கணுக்கால மடிச்சு பாதத்த வெளிய திருப்போணும், இங்கதான் எங்கட ஆக்கள் கோட்டை விடுறது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில பாருங்கோ, பெடியள் கால்விரல நீட்டி வைச்சுக்கொண்டு உதைப்பாங்கள், தண்ணி தெறிக்கும், ஆள் நகராது. விரல நீட்டினா தண்ணியத் தள்ள பரப்பு இல்ல. ஆனா இப்பிடித் திருப்பி உதைக்கிறது முழங்காலின்ர உள்பக்க நாருக்கு நல்லதில்ல, இந்த நீச்சல்காரருக்கு வாற நோவுக்கு தனிப் பேரே இருக்குது, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கர் முழங்கால்.

உதைச்சு முடிய உடம்ப நீட்டி வழுக்கிப் போறது 200 மீற்றரில கூட, 100 இல குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில தென்னாபிரிக்காவின்ர தத்யானா ஷூன்மேக்கர் 200 மீற்றர 2:18.95 இல முடிச்சு, 2:19 க்குக் கீழ போன முதல் பெண்ணானவ. பெரிசா அவசரப்படுற மாதிரியே தெரியாது.

தண்ணிக்குக் கீழ போனா மேல எழும்புற அலையால வாற மறிப்பும் குறையும். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில ஜப்பானின்ர மசாரு ஃபுருகாவா அப்பிடி நிறையத் தூரம் அடியால போய்த்தான் தங்கம் எடுத்தவர், பிறகு சட்டத்த மாத்திப்போட்டினம். இப்ப குதிச்ச உடனயும் திரும்பினாப் பிறகும் ஒரு நீண்ட கை இழுவை, ரெண்டு காலையும் சேர்த்து மீன் வால் மாதிரி அடிக்கிற ஒரேயொரு டொல்பின் உதை, பிறகு ஒரு தவளை உதையோட மேல வந்திடோணும்.

திரும்பப் புடாபெஸ்டுக்கு வருவம். கிங்குக்குப் பின்னால கேட்டி மெய்லி 1:05.03, யூலியா எஃபிமோவா 1:05.05. 0.02 செக்கன் எண்டா இந்த வேகத்தில ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். ரெண்டு கையும் ஒண்டா சுவரத் தொடோணும், கடைசி ஸ்ட்ரோக் சரியா சுவரில முடியாட்டி வழுக்கிப் போய்த் தொடுறதோ இன்னொரு அரை இழுவை போடுறதோ எண்டு அந்தக் கணத்தில முடிவெடுக்கோணும்.