காயை நகர்த்தும்போது வாயில் என்ன எண்?

பரமபதத்தில் காய் 23-ஆம் கட்டத்தில் நிற்கிறது. டைஸில் 4 விழுகிறது. குழந்தை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டே காயை 27-இல் கொண்டுபோய் வைக்கிறது. நாமும் அப்படித்தான் ஆடி வளர்ந்தோம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதே நகர்வை "24, 25, 26, 27" என்று சொல்லிச் செய்தால் குழந்தையின் தலைக்குள் நடப்பது வேறு. பாம்பு கடித்தால் வரும் அழுகையும் ஏணி ஏறினால் வரும் கூச்சலும் இரண்டிலும் ஒன்றுதான். எண்ணறிவு மட்டும் ஒரே மாதிரி வளர்வதில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, இன்னும் ஒன்றாம் வகுப்புக்குப் போகாத 124 குழந்தைகள் அதில் இருந்தார்கள். விளையாட்டு மிக எளிது: 1 முதல் 10 வரை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் கட்டங்கள், சுற்றிவிட்டால் 1 அல்லது 2 காட்டும் ஒரு முள். காய் 3-இல் இருந்து, முள் 2 காட்டினால், குழந்தை "நாலு, அஞ்சு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். இன்னொரு குழுவுக்கும் இதே மாதிரி பலகைதான், ஆனால் எண்களுக்குப் பதில் நிறங்கள். அவர்கள் "சிவப்பு, நீலம்" என்று சொல்லி நகர்த்தினார்கள்.

இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம். அவ்வளவுதான் ஆட்டம். எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண்ணைப் பார்த்துப் படிப்பதிலும், இரண்டில் எது பெரியது என்று சொல்வதிலும், ஒரு கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்று குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றிருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அது இல்லை. விளையாட்டாக இருப்பது மட்டும் போதும் என்றால் இரண்டு குழுவும் சமமாக முன்னேறியிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டுச் சோதனையைக் கொஞ்சம் பார்க்கலாம், வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இடது முனையில் 0, வலது முனையில் 100 என்று எழுதுங்கள். "15 எங்கே வரும்? ஒரு புள்ளி வை" என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் பலர் அதைக் கோட்டின் நடுப்பக்கமாக வைப்பார்கள். சின்ன எண்களுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டு, 60, 80, 90 எல்லாவற்றையும் வலது ஓரத்தில் நெருக்கியடித்துத் தள்ளிவிடுவார்கள். ஒன்றிலிருந்து நூறுவரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் குழந்தைகூட இப்படிச் செய்யும். அதன் மனதில் எண்கள் பாட்டு வரிகளாக வரிசையில் நிற்கின்றன, அளவாக இன்னும் பதியவில்லை. வயதும் பழக்கமும் கூடக்கூட, புள்ளிகள் சம இடைவெளிக்கு வந்து சேர்கின்றன.

எண் பலகை இந்தப் பயணத்தைத்தான் விரைவுபடுத்துகிறது. காய் 2-இல் இருப்பதைவிட 8-இல் இருக்கும்போது தொடக்கத்திலிருந்து அதிக தூரம் வந்திருக்கிறது. கை அதிக தடவை அசைந்திருக்கிறது, வாய் அதிக எண்களைச் சொல்லியிருக்கிறது, நேரமும் கூடுதலாகப் போயிருக்கிறது. பெரிய எண் என்றால் எல்லாமே பெரிது என்பதைக் கண், கை, காது மூன்றும் ஒரே சமயத்தில் சொல்கின்றன. சீக்லரும் ரமணியும் 2009-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: அதே எண்களை வட்டமாக அடுக்கினால் நேர்வரிசை தரும் அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. வட்டத்தில் 10 என்பது 1-க்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறதே!

அப்புறம்தான் நம் பரமபதக் கேள்வி. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 100 வரை போகும் பலகையைப் பயன்படுத்தினார்கள். ஒரு குழு நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியது, மற்றது ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியது. தொடர்ந்து எண்ணியவர்களே கூடுதலாகக் கற்றார்கள். காரணம் எளிது. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும் குழந்தை கட்டத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை. கண்ணெதிரே இருந்தாலும் கவனத்தில் வராதது மனதில் ஏறாது.

கடையில் வாங்கும் பரமபத அட்டையில் வரிசைகள் பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும். 10-க்கு நேர் மேலே 11, 9-க்கு மேலே 12. பாம்புகளுக்கு அது பொருத்தம், பத்துகளைப் புரியவைக்க அவ்வளவு பொருத்தமில்லை. ஒரு சார்ட் தாளில் ஒவ்வொரு வரிசையையும் இடப்பக்கமிருந்தே தொடங்கி எழுதிப் பாருங்கள்: 3, 13, 23, 33 எல்லாம் ஒரே நெட்டு வரிசையில் வரும். பத்தைக் கூட்டுவது என்றால் ஒரு படி மேலே ஏறுவது, அவ்வளவுதான். பாம்பையும் ஏணியையும் பிள்ளைகளே வரைந்துகொள்வார்கள். கடி வாங்கிய கோபத்தில் பாம்புகள்தான் அதிகமாக இருக்கும்.

பல்லாங்குழி வேறு வகை. குழிகள் 14, சுற்றிச் சுற்றி வரும் ஆட்டம். அதனால் எண்கோட்டை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதில் கிடைப்பது வேறு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் மொத்தம் 70. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பொருள்கள்வரை மனிதக் கண் எண்ணாமலே அறிந்துவிடும், அதற்குமேல் எண்ணித்தான் ஆகவேண்டும். பசு அந்த எல்லையில் நிற்பதால் பழகியவர்கள் பார்த்த மாத்திரத்தில் அள்ளிவிடுகிறார்கள். முதல் ஆட்டம் முடிந்து உங்களிடம் 28 கொட்டை மிஞ்சினால் ஐந்து குழி நிரம்பும், மூன்று மீதி. எதிராளியிடம் 42: ஏழு குழியும் நிரம்பி ஏழு கையில். வகுத்தலும் மீதியும் இப்படி ஆட்டத்தின் நடுவிலேயே வந்துவிடுகின்றன, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கேதான் பெரியவர்கள் ஆட்டத்தைக் கெடுப்பது. "சரி, 28-ஐ 5-ஆல் வகுத்தால் எத்தனை, டக்குன்னு சொல்லு பார்ப்போம்" என்றதும் அது பரீட்சை ஆகிவிடுகிறது. "ஜெயித்தால் சாக்லேட்" என்பதும் யோசிக்க வேண்டியது. 1973-இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டை. பித்தளைக் கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். ஆக 16 விதமாக விழலாம். தாயம் விழ ஒரு கட்டை 0, மற்றது 1 காட்ட வேண்டும், அதற்கு 2 வழி. ஐந்துக்கும் 2 வழி. ஆறுக்கு 1. இரண்டும் 0 காட்டினால் அதைப் பன்னிரண்டு என்று எண்ணுவார்கள், அதற்கும் 1. மூன்றுக்கு மட்டும் 4 வழி. தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, எட்டுக்கு ஒன்றுதான் வாய்ப்பு என்று இந்தப் பட்டியல் காட்டிவிடும். நூறு தடவை உருட்டி, விழுந்ததை ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று முன்னே போவதும் ஆறும் பன்னிரண்டும் பின்தங்குவதும் தெரியும். கணக்கு ரொம்பவே தள்ளிப்போனால் கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக உருட்டிப் பார்த்தால் எது என்று பிடிபட்டுவிடும்.