கவரைப் பிரித்தாயிற்று, கார்டு ஏன் வேலை செய்யவில்லை?

கூரியரில் கவர் வந்திருக்கும். தாளில் ஒட்டிய புதுக் கிரெடிட் கார்டு ஒன்று, பொடி எழுத்தில் நாலைந்து பக்கம். பலர் அதை அப்படியே பீரோவில் வைத்துவிட்டு, தீபாவளித் தள்ளுபடி நேரத்தில்தான் வெளியே எடுப்பார்கள். செல்போனில் ஆர்டர் போட்டால் பணம் போகாது. ‘கார்டே பழுது’ என்று கஸ்டமர் கேரில் சண்டை வேறு. ஆனால் கார்டில் ஒரு கோளாறும் இருக்காது. புதுக் கார்டு பாதிக் கதவு சாத்தியபடிதான் கைக்கு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கார்டை ஆக்டிவேட் செய்வது ஒன்று. ஆக்டிவேட் ஆன கார்டை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று திறந்துவிடுவது இன்னொன்று. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் கடையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஆக்டிவேஷன். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்கும் முறை பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, கிரெடிட் கார்டு வழங்கிய நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் அதை ஆக்டிவேட் செய்யாவிட்டால், வங்கி உங்களிடம் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதம் தரவில்லையா? கேட்ட நாளிலிருந்து 7 வேலை நாளுக்குள் அந்தக் கார்டு கணக்கை வங்கியே மூடிவிட வேண்டும், அதுவும் உங்களிடம் ஒரு பைசா வாங்காமல். 2022 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, ஏதோ ஒரு மாலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் யோசித்துப் பார்த்து ‘வேண்டாம்’ என்று முடிவு செய்தவருக்கு எளிய வழி, கார்டைத் தொடாமல் இருப்பதுதான். ஆர்வத்தில் ஆப்பைத் திறந்து எதையாவது அழுத்திப் பார்க்க வேண்டாம். பின் நம்பர் அமைப்பதையே ஆக்டிவேஷனாக எடுத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு.

ஒரு விதிவிலக்கு. பழைய கார்டு காலாவதியாகி அதற்குப் பதில் வந்த கார்டு என்றால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் கணக்கை மூடுவார்கள்.

சிபில், அதாவது கடன் ஸ்கோர் பற்றியும் கேட்பார்கள். கார்டு ஆக்டிவேட் ஆகும் முன், அந்தப் புதுக் கணக்கைப் பற்றிய எந்தத் தகவலையும் கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி அனுப்பக் கூடாது. ஆனால் நீங்கள் விண்ணப்பித்தபோது வங்கி உங்கள் ஸ்கோரைப் பார்த்திருக்கும் அல்லவா, அந்த விசாரணை மட்டும் பதிவில் இருக்கும். அதை அழிக்க முடியாது.

கேட்காமலே கார்டு வந்தால்? அப்படி அனுப்புவதற்கே தடை இருக்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் கார்டை ஆக்டிவேட் செய்து கட்டணமும் போட்டிருந்தால், வங்கி அந்தக் கட்டணத்தை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு, திருப்பிய தொகையைப் போல இரண்டு மடங்கை அபராதமாக உங்களுக்கே தர வேண்டும். இதைத் தெரிந்து வைத்துப் பேசுபவரிடம் கஸ்டமர் கேரின் குரலே மாறிவிடும்.

சரி, கார்டு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். வங்கியின் ஆப், நெட் பேங்கிங், கஸ்டமர் கேர் எண்ணின் தானியங்கிக் குரல், சில வங்கிகளில் ஏடிஎம் என்று ஏதாவது ஒரு வழியில் ஆக்டிவேட் செய்யலாம். எந்த வழியானாலும் ஓடிபி வரும். அது வங்கியில் நீங்கள் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் பழைய எண்ணைக் கொடுத்திருந்தால் அதை மாற்றிவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள். ஆக்டிவேட் ஆனதும் நாலு இலக்கப் பின் நம்பரை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். பிறந்த வருடம் வேண்டாமே.

அடுத்ததுதான் பலருக்கும் தெரியாத பகுதி. 2020 ஜனவரி 15 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை ஒன்று உண்டு. புதிதாகவோ மறுபடியுமோ வழங்கும் கார்டு, முதலில் இந்தியாவுக்குள், அதுவும் ஏடிஎம்மிலோ கடை மெஷினிலோ செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்கிறது அது. ஆன்லைன், வெளிநாடு, செருகாமல் தட்டிக் கட்டும் ‘டாப்’ வசதி ஆகிய மூன்றும் மூடியே இருக்கும். வேண்டியதை நீங்கள்தான் திறக்க வேண்டும். ஆப்பில் ‘கார்டு கண்ட்ரோல்’ என்பது போன்ற ஒரு பகுதியில் இதற்கான சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பும் வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியை 24 மணி நேரமும் தர வேண்டியது வங்கியின் கடமை.

மூன்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவது சோம்பேறித்தனம். வெளிநாட்டுச் சுவிட்சை மூடியே வையுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும், கார்டு எண் திருடியவனுக்கு அது திறந்த வீடு. பயணமோ வெளிநாட்டுச் சந்தாவோ வந்தால் அன்றைக்குத் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். ஆன்லைனைத் திறந்து, மாதம் நீங்கள் உண்மையில் செலவழிக்கும் அளவுக்கு வரம்பு வையுங்கள். டாப் முறையில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. கார்டு தொலைந்தால் எடுத்தவருக்கும் கேட்காது. நான் அதை மூடித்தான் வைத்திருக்கிறேன், செருகிப் பின் போடுவதில் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வரம்பை முடிந்தால் பூஜ்யமாக்குங்கள். கிரெடிட் கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. எடுத்த நாளே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணம் தனி.

ரூபே கிரெடிட் கார்டு என்றால் யுபிஐ ஆப்பில் இணைத்துக் கடைகளின் க்யூஆர் குறியீட்டில் ஸ்கேன் செய்து கட்டலாம். நண்பருக்கோ உறவினருக்கோ அனுப்ப முடியாது.

பில் தேதியையும் பார்த்துவிடுங்கள். சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, பில் கட்டக் கடைசி நாள் 28 என்றால் மாதா மாதம் திண்டாட்டம்தான். பில் சுழற்சியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் பில் வரும் முன்பே கேட்டு மாற்றுங்கள். பழைய கார்டுக்குப் பதில் வந்ததென்றால், கரண்ட் பில், ஓடிடி சந்தா என்று பழைய எண்ணில் ஓடிக்கொண்டிருந்த தானியங்கிக் கட்டணங்களையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இப்போது, கவர் வந்த வாரத்தில் வரும் போன்கால். “சார், உங்க புதுக் கார்டை ஆக்டிவேட் பண்ணணும், இன்னைக்கே பண்ணலைன்னா ப்ளாக் ஆயிடும், வந்த ஓடிபியைச் சொல்லுங்க.” கேட்பதற்கு மேலே சொன்ன 30 நாள் விதி மாதிரியே இருக்கும், அதுதான் சூழ்ச்சி. விதிப்படி கேட்கப்படும் ஓடிபி, நீங்களே திறந்த ஆப்பிலோ நீங்களே அழைத்த எண்ணிலோ நீங்கள் பதிய வேண்டியது. யாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதல்ல. வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சாதாரண செல் எண்ணிலிருந்து வந்தாலே சந்தேகப்படலாம். வாட்ஸாப்பில் வரும் ஆப் கோப்பை நிறுவவே கூடாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணையும் நம்ப வேண்டாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதே போதும்.

ஏமாந்து பணம் போய்விட்டால் முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். உங்கள் தவறு இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்கிறது 2017 ஜூலையில் வந்த விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் தலையில்தான்.

பயன்படுத்திப் பார்த்துப் பிடிக்கவில்லையா? பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லுங்கள். 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால், பாக்கி ஏதும் இல்லாத பட்சத்தில், ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ‘ஸ்பெஷல் ஆஃபர்’ சொல்லி இழுத்தடிப்பார்கள், மின்னஞ்சலிலும் எழுதி வையுங்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே போகலாம். விவரம் கேட்க 14448.