அம்மா பாறைக்குள் போன கதை

பினாங்கில் குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்கிற மனநல ஆலோசகர் நான். இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அண்மையில் வந்த ஒரு குழந்தைக்குப் பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சின்னப் பெண். பள்ளிக்குப் போக மறுக்கிறாள், வயிற்று வலி என்கிறாள். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். விளையாட விட்டுப் பேசியபோதுதான் வெளியே வந்தது: தான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அம்மா பாறைக்குள் போய்விடுவாராம்.

எந்தப் பாறை என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பத்து பெலா பத்து பெர்தாங்கூப், திறந்து மூடி ஆளை விழுங்கும் பாறை. பள்ளியில் எல்லாரும் கேட்ட மலாய்க் கதை. இப்போது நினைத்துப் பாருங்கள். ஏழை விதவை ஒருத்தி, ஆசை ஆசையாக எடுத்துவைத்த தெம்பாக்குல் மீன் சினை. தம்பி பெக்கான் தன் பங்கைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டு அழுகிறான். அழுகையை நிறுத்த வழி தெரியாமல் அக்காள் மெலூர் அம்மாவின் பங்கை எடுத்துக் கொடுக்கிறாள். இதற்காக அம்மா மனம் வெறுத்துப் போய்ப் பாறை தன்னை விழுங்கட்டும் என்று நடக்கிறாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கெஞ்சுகிறார்கள். அவள் நிற்கவில்லை. பசித்த தம்பியைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் தலையில் ஒரு சாவு. இதைத்தான் ‘அம்மா பேச்சைக் கேட்க வேண்டும்’ என்ற பாடமாகச் சொல்லிக் கொடுத்தோம்.

நம் நல்லதங்காள் மட்டும் என்ன? பஞ்சம், பசி, அண்ணியின் ஏச்சு, கடைசியில் ஏழு பிள்ளைகளும் கிணற்றில். சில வடிவங்களில் சாமி வந்து எல்லாரையும் எழுப்பிவிடும். செத்தவர் திரும்ப மாட்டார் என்பதே புரியாத வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு ஆபத்தான முடிவு!

இந்த இடத்தில் எனக்குப் பதில் தயாராக வரும்: “கதைதானே மிஸ், பிள்ளைக்கு என்ன தெரியும்? நாங்களும் கேட்டுத்தானே வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?” தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பிள்ளைக்குத் தெரியும். நீங்கள் நினைப்பதைவிட மோசமாகத் தெரியும். ஐந்தாறு வயதில் தன்னைச் சுற்றி நடப்பதற்கெல்லாம் தானே காரணம் என்று குழந்தை நம்பும். அப்பா அம்மா சண்டையா, என்னால்தான். பாட்டிக்குக் காய்ச்சலா, நான் அடம்பிடித்ததால்தான். அந்த மனதுக்குள் ‘நீ செய்த தப்பால் அம்மா செத்தாள்’ என்ற கதை போனால், அங்கே அது கதையாக இருக்காது. ‘நல்லாத்தானே இருக்கோம்’ என்பவர்களில் சிலர், தன் பிள்ளைக்கு அதே கதையைச் சொல்லும்போது பாதியில் குரல் உடைந்து நின்றிருக்கிறார்கள். அம்மா முகம் சுளித்தாலே நெஞ்சு படபடத்த வீடு அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது.

கதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பயமுள்ள கதை குழந்தைக்கு வேண்டும். ஆனால் கதையை மிரட்டலாக்காதீர்கள். “சேட்டை பண்ணினா அம்மாவும் பாறைக்குள்ள போயிடுவேன்”, “நான் செத்தாதான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்” – இவை கூடவே கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. நல்லதங்காளைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து. முடித்ததும் கேளுங்கள்: “இதில் யார் தப்பு? அந்த அம்மாவுக்கு யார் உதவியிருக்கலாம்?” தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ஏற்கெனவே இப்படி மிரட்டியிருந்தால், இன்றே பிள்ளையிடம் நேராகப் பேசுங்கள்: “அம்மா கோபத்தில் சொன்னது. நீ என்ன செய்தாலும் அம்மா உன்னை விட்டுப் போகமாட்டேன்.” ஒருமுறை போதாது.

சில அம்மாக்கள் ‘செத்துப்போகிறேன்’ என்பதை மிரட்டலுக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் பலர் உதவி கேட்பதில்லை. பயப்பட வேண்டாம், பேசுங்கள். மனம்விட்டுப் பேச உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555. பிள்ளையின் பாதுகாப்பு பற்றிக் கவலை இருந்தால் அரசின் உதவி எண் தாலியான் காசே 15999.