தெருவில் படுப்பவரும் திருட்டுப் புகாரும்

சிறிய நகரத்தில் வீடில்லாதவர்கள் பத்துப் பேர் இருந்தாலே ஊருக்கெல்லாம் தெரியும். பெருநகரத்தில் ஆயிரம் பேர் மேம்பாலங்களுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பார்கள். இங்கே ஒருவர் பஸ் நிலைய வாசலில் நின்று தன்பாட்டுக்குச் சத்தம் போட்டால் போதும், மாலைக்குள் நாலு வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படம் வந்துவிடும். அடுத்த வாரம் எங்கேயாவது ஒரு பைக் காணாமல் போனால் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது அந்தப் படம்தான்.

நான் தெருவோரத்தில் வாழ்பவர்களுக்காகக் களப்பணி செய்யும் சமூகப் பணியாளர். குடியிருப்போர் கூட்டங்களுக்கும் என்னை அழைப்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பதற்காகத்தான்: "இவங்களை எப்ப சார் அப்புறப்படுத்துவீங்க?" கேட்பவர்களை நான் குறை சொல்வதில்லை. வேலை முடிந்து இருட்டிய பிறகு தனியாக நடந்து வரும் பெண்ணிடம் "பயப்படாதீங்க" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் எதைப் பார்த்துப் பயம் என்று பிரித்துப் பார்க்காமல் பேச ஆரம்பித்தால் கூட்டம் கூச்சலில்தான் முடியும்.

அதனால் வந்திருக்கும் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: என்ன நடந்தது? "அங்கேயே உட்கார்ந்திருக்கான்", "பார்வையே சரியில்லை", "பகல் முழுக்கத் தூங்குறான், குடிகாரனா இருப்பான்" என்பவை ஒரு வகை. கடை ஷட்டர் ஓரம் சிறுநீர், நடுராத்திரியில் கத்தல் என்பவை இன்னொரு வகை. வண்டித் திருட்டு, செயின் பறிப்பு, பூட்டிய வீட்டில் கைவரிசை என்பவை மூன்றாவது. எப்போதும் முதல் பட்டியல்தான் நீளமாக இருக்கும். அதில் குற்றம் என்று எதுவும் இருக்காது. ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்ற தகவல் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது பட்டியலைப் படித்தால் அந்த ஊரில் என்னென்ன இல்லை என்பது தெரியும்: ராத்திரி பூட்டாத பொதுக் கழிப்பறை, இரவுக் காப்பகம், மாத்திரை தொடர்ந்து கிடைக்கும் மனநலப் பிரிவு. மூன்றாவதுதான் போலீஸ் வேலை. பைக் திருட வேண்டுமென்றால் அதை ஒளித்து வைக்க இடம் வேண்டும், வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மறுநாளும் அதே ஷட்டர் முன்னால் படுத்திருப்பவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டும் இருப்பதில்லை.

அந்தப் பகல் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் இருப்பவர்களில் பலர் ராத்திரி தூங்குவதே இல்லை. பெண்கள் முக்கியமாக. கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகக் காத்திருக்கும் பயணி மாதிரி பஸ் நிலையத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் கண்ணை மூடுவார்கள், கூட்டம் இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஆண்கள் ஏடிஎம் வாசல், கேமரா மாட்டிய கடை, விளக்குக் கம்பத்தின் அடி என்று வெளிச்சமாகப் பார்த்துப் படுப்பார்கள். கடைக்காரருக்கு அது நோட்டம் விடுவதாகத் தெரிகிறது. படுப்பவருக்கோ அந்தக் கேமராதான் காவல். செருப்பைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்திருப்பார். சட்டைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரில் அடையாள அட்டை, மருத்துவமனைச் சீட்டு, எப்போதோ வேலை பார்த்த இடத்துச் சான்றிதழ். திருட்டுக்கு அதிகம் பயப்படுபவர் யார் என்று அந்தக் கவரை அவர் பிடித்திருக்கும் பிடியிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் கிரைசிஸ் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் படுத்துறங்கும் நானூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய 17 மடங்கு. மூவரில் ஒருவருக்கு மேல், யாரோ வேண்டுமென்றே கொடுத்த அடியோ உதையோ வாங்கியிருந்தார்கள். என் அனுபவமும் இதேதான். அடித்தவர்கள் பெரும்பாலும் வீடு உள்ளவர்கள், வாரக் கடைசியில் குடித்துவிட்டு வரும் இளவட்டங்கள். இவை எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. புகார் எழுதும்போது கேட்கும் முதல் கேள்வியே முகவரிதானே.

சரி, தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் அப்பாவிகளா? இல்லை. போதைப்பொருள் விற்பவர்கள் இவர்களைப் பொட்டலம் கைமாற்றப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். குடிக்காகச் செல்போனைத் தூக்கியவர்கள் உண்டு. பாழடைந்த கட்டடத்துக்குள் அடிதடியும் நடக்கும். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசினால் என்னை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆனால் அப்படிப்பட்டவர் ஒருவர் என்றால், அவர் பெயர், அவர் செய்த செயல் என்று பேச வேண்டும். அவருக்கு வழக்குப் போடுங்கள். பக்கத்தில் படுத்திருந்த குற்றத்துக்காக இன்னொருவரை ஏன் விரட்ட வேண்டும்?

விரட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் நல்ல உதாரணம். நாற்பதாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை, நம் பேச்சுக்குப் பொருத்தமான அளவு. அங்கே பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் விதித்தார்கள். கட்டாவிட்டால் 500 டாலருக்கு மேல் ஏறியது. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் வரத் தடை, தடையை மீறினால் 30 நாள் வரை சிறை என்றும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பானது. இத்தகைய தண்டனை அந்நாட்டு அரசியலமைப்பு தடுக்கும் கொடுந்தண்டனை ஆகாது என்றது பெரும்பான்மை. சட்டப்படி செய்யலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. செய்தால் பலன் உண்டா என்பது வேறு கேள்வி. கையில் காசில்லாதவர் அபராதத்தை எதை வைத்துக் கட்டுவார்? கட்டாத அபராதம் அவர் பேரில் ஒரு பதிவாக நிற்கும். நாளைக்கு வாடகைக்கு வீடு கேட்டாலும் வேலை கேட்டாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

எல்லா நீதிமன்றங்களும் இதே வழியில் போகவில்லை. ஜெனீவாவில் பிச்சை கேட்ட ஓர் ஏழைப் பெண்ணுக்கு 500 ஃபிராங்க் அபராதம் விதித்து, கட்ட முடியாததால் ஐந்து நாள் காவலில் வைத்தார்கள். அது அவருடைய மனித உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டிலேயே, பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளைத் தலைநகரில் செல்லாதவை ஆக்கிவிட்டது.

களத்தில் பார்த்தால், ஓர் இடத்தைக் காலி செய்யும்போது முதலில் குப்பை வண்டிக்குப் போவது அந்தப் பிளாஸ்டிக் கவர்தான். அதோடு மாத்திரையும் போகும். மாதக்கணக்கில் பேசிப் பேசி மாத்திரைக்கு ஒப்புக்கொண்டவர் அடுத்த தெருவில் மறுபடி கத்த ஆரம்பிப்பார். புகாரும் அடுத்த தெருவிலிருந்து வரும். எங்களுக்கோ ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

படம் போட்டு "உஷார்" என்று பகிர்வது இதைவிட மோசம். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி இந்தியாவின் பல மாநிலங்களில் பரவி, முன்பின் தெரியாதவர்களைக் கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றது. அந்த மே மாதம் பழவேற்காட்டில் கொல்லப்பட்டவர் வீடற்ற ஒருவர். கொன்றவர்கள் தங்களைக் குற்றவாளிகள் என்று நினைத்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். குடியை விடு, சிகிச்சைக்கு வா, பிறகு வீடு என்பதுதான் அதுவரை இருந்த முறை. அவர் முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பேசினார். இதைக் கேட்டதும் "குடிகாரனுக்கு வீடா?" என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் பயம் குற்றத்தைப் பற்றியது என்றால் கணக்கையும் அதில்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில், அடிக்கடி சிறைக்குப் போய்வந்துகொண்டிருந்த வீடற்றவர்களுக்கு 2016 முதல் உதவியோடு கூடிய வீடு கொடுத்து, கிடைக்காத அதே மாதிரி ஆட்களோடு ஒப்பிட்டார்கள். வீடு கிடைத்தவர்கள் கைதானது 40 சதவீதம் குறைந்திருந்தது. ரோந்தைக் கூட்டிக் கூட்டி ஓய்ந்தவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிறிய நகரத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கனடாவின் மெடிசின் ஹாட்டில் அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். வீடற்றவர்களைப் பெயர் பெயராகப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் வீடு பார்த்தார்கள். அப்போதைய மேயர் டெட் கிளக்ஸ்டன் முதலில் இதை எதிர்த்தவர். செலவையும் பலனையும் பார்த்த பிறகு ஆதரவாகப் பேச ஆரம்பித்தார். 2021இல், நீண்டகாலமாகத் தெருவில் இருப்பவர்கள் மூன்று பேரைத் தாண்டாத நிலையை அந்த ஊர் எட்டியது. ஒரு தடவை எட்டினால் அப்படியே நிற்கும் விஷயம் இல்லை இது. வாடகை ஏறினால் பட்டியலும் நீளும், சிறையும் மருத்துவமனையும் ஆளைத் தெருவில் இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தாலும் நீளும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சாயங்காலம் விடுதலையாகி, போக இடமில்லாமல் பஸ் நிலையத்தில் முதல் ராத்திரியைக் கழிப்பவர்கள் எங்களுக்குப் பழக்கமான கூட்டம். விடுதலைத் தேதி சிறைக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு போன் செய்தால் நாங்கள் வாசலில் நிற்போம்.

உங்கள் தெருவில் யாரையாவது பார்த்து அவசரமாக உதவி கேட்க வேண்டி வந்தால், "ஒரு பைத்தியம் சுத்துது" என்று சொன்னால் வருபவர் லத்தியோடுதான் வருவார். இடம், நேரம், அவர் என்ன செய்கிறார், காயம் இருக்கிறதா, யாரையாவது தாக்கினாரா என்று நடந்ததைச் சொல்லுங்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100ஆவது பிரிவு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனநோயோடு திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைப் போனில் பொறுமையாகச் சொன்னால் பல காவலர்கள் சந்தோஷமாகவே கேட்டுக்கொள்வார்கள். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் முழிப்பது அவர்களும்தான்.