காப்பியைக் குறை சொல்லும் முன் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

நாகர்கோவிலில் காப்பிக்கொட்டை வறுக்கும் தொழிலில் இருக்கிறேன். காகித வடிகட்டியில் வீட்டிலேயே காப்பி வடிக்கக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகிறார்கள்: "நல்ல கொட்டைதான் வாங்கினேன், வீட்டில் போட்டால் கஷாயமாக இருக்கிறது." கொட்டையைச் சந்தேகிக்கிறார்கள், அரைவை இயந்திரத்தைச் சந்தேகிக்கிறார்கள், கடைசியில் "பாலில்லாத காப்பி நமக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மழைக்காலமானால் கருப்பட்டி போட்ட கட்டங்காப்பி குடித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கா சரிப்படாது?

முட்டம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தன் கெண்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாக உதிர்ந்தது. மறுவாரம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் லிட்டருக்கு 700 மில்லிகிராமைத் தாண்டியது. ஒரே கொட்டை, ஒரே அரைவை, மூன்று கோப்பைகள் வடித்தேன். ஒன்று கிணற்றுத் தண்ணீரில், ஒன்று ஆர்.ஓ. தண்ணீரில், மூன்றாவது ஐந்து பங்கு ஆர்.ஓ. தண்ணீரோடு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து. எது எதுவென்று சொல்லவில்லை.

"முதலாவது சப்பென்று இருக்கிறது தம்பி. இரண்டாவதில் புளிப்பைத் தவிர ஒன்றும் இல்லை." மூன்றாவதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "இது ஞாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கிறது."

வடித்த காப்பியில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். காப்பியின் உயிரே அதிலுள்ள மெல்லிய புளிப்பு. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும்; கடலோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். கொதிக்கவைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு கெண்டியில் ஒட்டுமே தவிர உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரிலோ தாது உப்புகள் அநேகமாக எதுவும் மிச்சமில்லை, புளிப்பை அடக்க ஆளில்லாமல் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சிறப்புக் காப்பித் துறையில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் கரைபொருள் உள்ள தண்ணீரைத்தான் இலக்காக வைக்கிறார்கள். குடிக்கத் தகுந்த கிணற்றுத் தண்ணீராக இருந்தால் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

தண்ணீர் சரியானபின் மற்றது எளிது. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர். உப்புமா ரவையைவிடச் சற்று நைசான அரைவை. பித்தளை பில்டருக்கு அரைத்த தூளைக் காகிதத்தில் போட்டால் அடைத்துக்கொள்ளும். சிக்கரி கலந்த தூள் இதற்கு ஆகவே ஆகாது. காப்பி 51 விழுக்காடு இருந்தால் போதும், மீதி சிக்கரியாக இருக்கலாம் என்று சட்டமே அனுமதிப்பதால் பாக்கெட்டின் சிறு எழுத்தைப் படித்து வாங்குங்கள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றுங்கள். தூள் தோசைமாவு பொங்குவதுபோல் உப்பிவரும். வறுத்தபோது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. கொஞ்சமும் உப்பவில்லையென்றால் கொட்டை பழையது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர் ஈரத்தில் அரைத்த தூள் சீக்கிரம் கெட்டுவிடும், கொட்டையாகவே காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். முக்கால் நிமிடம் பொறுத்து, மீதித் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஊற்றினால் மொத்தம் மூன்று நிமிடத்தில் வடிந்து முடியும்.

குடிக்கும்போது அவசரம் வேண்டாம். சூடாக ஒரு வாய், வெதுவெதுப்பில் ஒரு வாய், ஆறியபின் ஒரு வாய். ஆறினால்தான் காப்பி தன் குணத்தைக் காட்டும். மெலிந்து வெறும் புளிப்பாக இருந்தால் அடுத்த முறை இன்னும் நைசாக அரையுங்கள். கசப்போடு துவர்ப்பும் நாக்கைப் பிடித்தால் கொரகொரப்பாக அரையுங்கள். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று பிரித்துச் சொல்ல நம் மொழியில் சொல் இருக்கிறது. வாழைக்காய்க் கறை பட்ட நாக்குக்கு அது தெரியும்.

காப்பிப் பாக்கெட்டில் சுவைக் குறிப்பாகப் புளூபெர்ரி, ஜாஸ்மின் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, தனக்கு அது தெரியவில்லையே என்று கூசுகிறவர்கள் நிறையப் பேர். கூச வேண்டியதே இல்லை. புளூபெர்ரியை வாயில் வைத்தே பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்? மட்டிப்பழம், புளியம்பழம், கருப்பட்டிப் பாகு, மாறாமலைக் கிராம்பு, விடியற்காலையில் தோவாளைச் சந்தையில் கொட்டிக்கிடக்கும் பிச்சிப்பூ. இவ்வளவும் நினைவில் வைத்திருக்கும் மூக்கும் நாக்கும் எந்தக் காப்பியையும் அடையாளம் சொல்லும். அந்த அக்கா சொன்ன ஞாவல்பழத்தை என் சுவைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இனி வகுப்புக்கு வருகிறவர்கள் கொட்டை கொண்டுவர வேண்டாம். உங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரில் அரை லிட்டர் கொண்டுவாருங்கள்.