பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் சுவருக்கு வரும் வழி

படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் ஓர் ஈரத் திட்டு. கை வைத்தால் சில்லென்று இருக்கும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகம் பட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே பஞ்சு போல வெள்ளைப் பொடி. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. சித்திரை மாதம், மழையைக் குறை சொல்ல வழியில்லை. "அவங்க பாத்ரூம்ல ஊத்துற தண்ணிதான்" என்று வீட்டில் முடிவு கட்டியாகிவிட்டது. அந்த முடிவு பாதிதான் சரி என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் சுவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செங்கல். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அதன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தரக் கட்டுப்பாடே அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் 600 மில்லி. ஒரு சொம்புத் தண்ணீரை ஒற்றைக் கல் தனக்குள் வைத்துக்கொள்ளும்.

குடித்த தண்ணீர் கீழே இறங்குவதோடு நிற்காமல் மேலேயும் ஏறும். விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் அகலின் அடியில் கிடக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நூலிழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் எண்ணெயை மேலே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் எழுதிவைத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். அதில் நூறில் ஒரு பங்கு ஆரம் என்றால் ஒன்றரை மீட்டர். செங்கல்லிலும் பூச்சிலும் இதைவிடக் குறுகலான துளைகளும் உண்டு.

அப்படியானால் ஓதம், அதாவது சுவரில் ஊறும் இந்த ஈரம், கூரை வரை ஏற வேண்டுமே, ஏன் இரண்டடியில் நிற்கிறது? சுவர் ஒரு பக்கம் குடித்துக்கொண்டே மறுபக்கம் காற்றில் உலர்ந்துகொண்டும் இருக்கிறது. உறிஞ்சும் அளவும் உலரும் அளவும் சமமாகும் உயரம்தான் நாம் காணும் ஈரக்கோடு. இதைப் புரிந்துகொண்டால் ஊரெங்கும் நடக்கும் ஒரு தவறும் புரிந்துவிடும். ஓதம் தெரிந்ததும் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள், இல்லையென்றால் ஆயில் பெயிண்ட் அடிப்பார்கள். உலரும் வாசலை அடைத்தால் தண்ணீர் வேறு வாசல் தேடும். அடுத்த வருஷம் டைல்ஸுக்கு மேலே, நாலாவது அடியில் சுவர் பொரியும். நாங்களும் ஒரு முறை பட்டி பார்த்து, விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தோம். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம் அந்த வெள்ளைப் பொடி. அது சுவர் உப்பு. செங்கல்லிலும் மணலிலும் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்புகளைத் தண்ணீர் சுமந்துகொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. சுவரின் மேற்பரப்பில் பூத்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பூச்சுக்குள்ளேயே படிகமானால்தான் ஆபத்து. சோடியம் சல்பேட் என்ற உப்பு காய்ந்த நிலையிலிருந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. துளைக்குள் அதற்கு இடம் ஏது? பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கிற சுவர்தான், எப்போதும் நனைந்தே கிடக்கும் சுவரைவிட வேகமாகப் பொரியும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கறை தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்பக் கூடாது. தண்ணீர் வரும் நேரத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் வந்தால் மொட்டை மாடியோ வெளிச்சுவரோ காரணமாக இருக்கலாம். குளிக்கும் நேரத்தை ஒட்டி ஏறி இறங்கினால் கழிவுநீர்க் குழாய், தரை, டைல்ஸ் இடுக்கு. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் குறையவில்லை என்றால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய். இதற்காகத்தான் ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அந்தக் கோடுகளைக் காட்டியதுதான் நாங்கள் செய்த நல்ல காரியம். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தவர், தேதிகளைப் பார்த்ததும் தானாகவே, "சரி தம்பி, என்னன்னு பாத்துருவோம்" என்றார். முதலில் அவர் குளியலறையின் வடிகாலை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டோம். இரண்டு நாள் காத்திருந்தும் எங்கள் பக்கம் நிறம் வரவில்லை. இதை மட்டும் வைத்து அந்தத் தரையில் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மண்ணும் செங்கல்லும் சாயத்தை வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். நிறம் வந்தால் அது சாட்சி. வராவிட்டால் அடுத்த சோதனை.

அது மாடித் தொட்டி. இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டார் அக்கா. காலையில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. குறுக்களவு ஒரு மீட்டர் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே கிட்டத்தட்ட 8 லிட்டர். டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், சுவருக்குள் பதித்த குழாயின் வளைவில் மயிரிழை விரிசல். அவர்கள் பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்ததால் ஒரு பொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை. உலர இடம் கிடைத்தது எங்கள் பக்கம்தான். தண்ணீர் அவர்களுடையது என்பது சரி. ஆனால் குளித்து ஊற்றிய தண்ணீர் என்பது தவறு. அதை நம்பி அவர் தரையை முழுக்கப் பெயர்த்திருந்தால் பணம் போயிருக்கும், ஓதம் போயிருக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை இன்னும் சிக்கல். மேல் வீட்டுக் குளியலறையின் தரை பல இடங்களில் பள்ளமாக வார்க்கப்பட்டு, செங்கல் துண்டுகளால் நிரப்பப்பட்டிருக்கும். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் குளம்போலத் தேங்கும். கசிவை அடைத்த பிறகும் பல நாள் கீழே சொட்டுவது இதனால்தான். தேங்கிய தண்ணீர் கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் புகுந்து, பத்தடி தள்ளி பேன் கொக்கியில் வந்து சொட்டும். விளக்கருகே சொட்டினால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மேல் வீட்டுக்காரர்கள் "எங்க வீட்ல ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைப் பற்றி. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கும். ஊறும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. கூரையில் தொங்கும் வெள்ளை ஊசிகள் அதுதான். காரம் குறையக் குறைய, ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். காரை பெயர்ந்து விழுவது அந்த நெருக்கலால்தான். கீழ் வீட்டுக்குக் கூரையாக இருக்கும் அந்தத் தளம்தான் மேல் வீட்டுக்குத் தரை. பலம் குறைவது இரண்டு பேருக்கும்.

எங்கள் சுவருக்கு வருவோம். குழாயை மாற்றியதும் உடனே பூச வேண்டாம் என்று கொத்தனார் தடுத்துவிட்டார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று சுவர் காய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர், அதுவும் ஒரு பக்கம் டைல்ஸால் மூடியது. பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டோம். பேன் ஓடிக்கொண்டே இருந்தது. வாரம் ஒரு முறை பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

ஆவணியில் அக்கா வந்து பார்த்தார். ஈரம் கால் முட்டிக்குக் கீழே இறங்கியிருந்தது. பென்சிலை வாங்கி, அந்த வாரக் கோட்டை அவரே போட்டுத் தேதியும் எழுதினார். கொத்தனார் குனிந்து அடிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் குளுமை இருக்கு. தை வரைக்கும் விடுங்க, அப்புறம் பூசிக்கலாம்" என்றார்.