பிரஷருக்குப் பக்கத்தில் எழுதும் இன்னொரு எண்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கண் பரிசோதனைக்குப் போனால், சீட்டில் கண் பிரஷரோடு சில சமயம் 512, 545 என்று ஓர் எண்ணையும் எழுதித் தருவார்கள். கருவிழி (கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம், கார்னியா) நடுவில் எத்தனை மைக்ரான் தடிமன் என்பதுதான் அது. 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர் என்பதால், கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதல்.

அளப்பது எளிது. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து விட்டு, தடிமன் அளக்கும் பாக்கிமீட்டர் கருவியின் சிறிய முனையைக் கருவிழியின் நடுவே லேசாகத் தொட வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் அல்ட்ராசவுண்ட் அலை கருவிழியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும். திசுவுக்குள் ஒலி நொடிக்கு சுமார் 1,640 மீட்டர் வேகத்தில் போகிறது. போய்வர ஆகும் நேரம் ஒரு மைக்ரோ நொடிகூட இல்லை. அதை வைத்தே தடிமனைக் கணக்கிடுகிறது கருவி. கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகளும் உண்டு.

சரி, பிரஷருக்கும் தடிமனுக்கும் என்ன சம்பந்தம்? பிரஷர் பார்க்கும் கோல்ட்மான் கருவி, கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறது. சைக்கிள் டயரை விரலால் அமுக்கிக் காற்று பார்க்கிற அதே வேலை. டயர் தடிப்பாக இருந்தால், காற்று குறைவாக இருந்தும் விரலுக்குக் கட்டியாகத் தெரியும். இந்தக் கருவியை உருவாக்கிய கோல்ட்மான் தன் கணக்குக்கு எடுத்துக்கொண்ட கருவிழித் தடிமன் சுமார் 520 மைக்ரான். 600 உள்ளவருக்கு அழுத்தம் கூடுதலாகக் காட்டலாம். 470 உள்ளவருக்குக் குறைத்துக் காட்டலாம். இரண்டாவதுதான் ஆபத்து. குளுக்கோமா என்ற கண்நோய் வலியில்லாமல் பார்வை நரம்பைத் தின்னும்போது, சீட்டில் 'நார்மல்' என்றிருக்கும்.

கண் அழுத்தம் கூடியிருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. 555 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, 588க்கு மேல் உள்ளவர்களைவிடக் குளுக்கோமா வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று அதில் தெரிந்தது. அதற்காக இத்தனை மைக்ரானுக்கு இத்தனை பிரஷர் என்று கூட்டிக் கழிப்பது சரியாக வராது. கருவிழியின் விறைப்பும் ஆளுக்கு ஆள் மாறும். நரம்பையும் பார்வைப் பரப்பையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

தூங்கி எழுந்ததும் கருவிழி கொஞ்சம் ஊதியிருக்கும். மூடிய இமைக்குள் ஆக்சிஜன் குறைவு. சில மணி நேரத்தில் வடிந்துவிடும். விடியுமுன்பே பால் வெட்டப் போகும் குலசேகரம் பக்கத்து ரப்பர் தொழிலாளிக்கு, பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வரும்போது அந்தக் கவலையே இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள்தான் அதை எப்போது கழற்ற வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காக லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், பிரஷர் பார்க்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். லேசர் அவர்கள் கருவிழியைச் செதுக்கி மெலிதாக்கியிருக்கும்.